கடைசித் தூணின் முள்

மூன்று மாதத்தில் பெனிற்றா பதினோராயிரம் தடவை செத்திருந்தாள். எண்ணிக்கை திரையின் மூலையில் ஏறிக்கொண்டே போனது.

செத்தது அவள் விரலுக்கு அடங்காத ஒரு குட்டிச் சிவப்பு உருவம். தூணுக்குத் தூண் தாவவேண்டும். பட்டால் முள், தவறினால் பள்ளம். உலகம் முழுக்க ஆட்களை அழவைத்த ஒரு விளையாட்டின் இரசிகர்கள், அதைப் பார்த்துத் தாங்களாகவே இன்னொன்று செய்து இணையத்தில் விட்டிருந்தார்கள். அதில் யாரும் தங்கள் விருப்பப்படி தூணும் முள்ளும் வைத்து ஒரு கட்டம் அமைக்கலாம். ஆனால், அமைத்தவர் கணக்கிலிருந்து ஒரு தடவையாவது அதை முடித்துக் காட்டினால்தான் வெளியிட விடும்.

அவள் கணவன் டெனுசன் இரண்டு வருடமாக ஒரு கட்டத்தை இழைத்து இழைத்துச் செய்தான். முடித்துக் காட்டுவதற்குள் நரம்பு நோய் அவன் விரல்களைத் தின்றது. பிறகு கைகளை, கழுத்தை. இப்போது செவன் கிங்ஸில் இருந்த அவர்கள் வீட்டின் முன்னறையில், உள்ளூர்க் கவுன்சில் கொடுத்த கட்டிலில் கிடந்தான். மிச்சமிருந்தவை கண்ணும் நாக்கும்தான். அவனுக்காக, அவன் கணக்கில் அவள்தான் விளையாடினாள்.

"அந்த முள்ளு உமக்குச் சொந்தமோ? ஒவ்வொருக்காலும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறீர்" என்று அவளைச் சீண்டுவான்.

ஞாயிறு மாலை நான்கு மணியோடு அந்த விளையாட்டின் இணையத் தளத்தை மூடுவதாக அறிவித்திருந்தார்கள். அதற்குள் தன் கட்டம் வெளியே போய்விடவேண்டும் என்பதைத் தவிர அவன் வேறெதையும் கேட்கவில்லை. மருத்துவர் சொன்ன நாட்களும் ஏறக்குறைய முடிந்திருந்தன.

கடைசித் தூணை மட்டும் அவளால் தாண்ட முடியவில்லை. ஞாயிறு காலை அவன் மருந்து மயக்கத்தில் கிடந்தபோது, அந்தத் தூணின் உச்சியில் நின்ற முள்ளை அழித்தாள். பராமரிக்கிற பெண் வந்ததும் பூசைக்குப் போனாள். முள்ளை அழித்த கையால் நற்கருணை வாங்க எழும்பவில்லை.

மூன்று ஐம்பதுக்குச் சிவப்பு உருவம் கொடியைத் தொட்டது. வெளியிடவா என்று திரை கேட்டது.

"முள்ளு எங்கை?" என்றான், விழித்துத் திரையைப் பார்த்திருந்த டெனுசன்.

"எந்த முள்ளு?"

"கடைசித் தூணிலை நிண்டது. நான் வைச்ச முள்ளு எனக்குத் தெரியாதே? திருப்பி வையும்."

பத்து நிமிடம்தான் இருக்கிறது, பத்து வருடம் இருந்தாலும் தன்னால் அதைத் தாண்ட முடியாது என்று அவள் மன்றாடினாள். அவன் இணங்கவில்லை.

"என்ரை விரலாலை விளையாடினது மட்டும் சரியோ, டெனு?"

"விரல் உம்மடை. முள்ளு என்ரை. உந்தக் கட்டத்தை என்ரை பேரிலை போடாதையும்."

கையில் பலம் இருந்திருந்தால் அவள் பிடித்திருந்த கொன்ட்ரோலரைப் பறித்திருப்பான். அது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே பொத்தானை அழுத்தினாள்.

திங்கள் மாலை, கடைசி நிமிடத்தில் கட்டத்தைத் தரவிறக்கியவர்கள் இரசிகர் குழுவில் எழுதத் தொடங்கினார்கள். பாராட்டுகளைக் கண்டதும் பெனிற்றா கட்டிலருகே இருந்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள்.

"பயங்கரமான கட்டம். நல்லவேளை, கடைசித் தூணில் எங்கள் மேல் இரக்கப்பட்டுவிட்டீர்கள், டெனுசன்."

வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்று விளங்கியது.

முகத்தைத் திருப்ப அவனால் முடியாது. கண்களை மூடிக்கொண்டான்.