தூக்கம் கலையாமல்

...எழுப்பியிருக்கலாம், தோளைத் தொட்டு ஒரு உலுக்கு, அவ்வளவுதானே, அதற்கு என்ன தயக்கம் முருகானந்தத்துக்கு, கட்டின பெண்டாட்டிதானே நான், கலைக்காமல் ஒதுங்கிப்போக நான் என்ன தேன்சிட்டா... மாம்பழச்சாலையில் நின்ற பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது, ஜோதி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், ஸ்ரீரங்கத்தில் ஏறியதிலிருந்து இதே நினைப்பு, நைட் டியூட்டிக்குப் போகும் ஒவ்வொரு சாயங்காலமும் இதேதான், அவர் இறந்துபோய் மூன்று மாதமாகியும் அடங்கவில்லை. அப்படித்தான் அந்த மனுஷன், பால்கனிக் கொடிக்கயிற்றில் தேன்சிட்டு கூடு கட்டிவிட்டது என்று ஒரு கோடை முழுக்க ஈரத்துணி வாளியை மொட்டைமாடிக்குச் சுமந்தார், "குஞ்சு பறக்கட்டும் ஜோதி, அப்புறம் காயப்போடலாம்." அரியமங்கலத்துப் பட்டறையில் நாளெல்லாம் அரத்தால் இரும்பை ராவுகிற கை, பாத்ரூமுக்குள் வந்துவிட்ட தவளையை அந்தக் கையில்தான் ஏந்திக்கொண்டு படியிறங்குவார், "நீ கத்தாதே, அதுவே பயந்துபோயிருக்கு." நான் பயந்தது தெரியவில்லை, தவளை பயந்தது தெரிந்தது... பாலத்துக்குக் கீழே மணல் திட்டில் நாரைகள், அவர் இருந்தால் ஜன்னலோரம் தூங்குகிறவரைக்கூடத் தட்டி, "கொஞ்சம் மாறி உக்காரலாங்களா" என்று கேட்டிருப்பார், நாரைக்காக யாரோ ஒருவரை எழுப்பத் தெரிந்தவருக்கு என்னை எழுப்பத் தெரியாதா?

கீழ்வீட்டுப் பானுமதி போன வாரம்தான் வாயைத் திறந்தாள், அதுவரை எப்படி மனசில் வைத்திருந்தாளோ. "அன்னிக்கு மத்தியானம் வந்து ஓமத்தண்ணி கேட்டாருக்கா, நெஞ்சு கரிக்குதுன்னாரு. அக்காவைக் கூப்பிடவான்னேன். வேணாங்க, ராத்திரி பூரா நின்னுட்டு வந்து இப்பத்தான் அசந்து தூங்குறா, எழுப்பாதீங்கன்னுட்டாரு." ஓமத்தண்ணி... இருபது வருஷமாக ஆஸ்பத்திரி இருதய வார்டில் நர்ஸாக நிற்கிறேன், வாசலில் யாரோ ஒருத்தர் நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்தால் முகத்தைப் பார்த்தே வீல்சேரைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறவள், அடுத்த அறையில் படுத்திருக்கிறேன், ஓமத்தண்ணியா கேட்டீங்க? சாயங்காலம் நான் விழித்தபோது கட்டிலோரத்து நாற்காலியில் அவர் உடம்பு சில்லிட்டிருந்தது. அப்படியொரு தூக்கம் வேண்டுமென்று யார் கேட்டது உங்களை, எல்லோரும் சொல்கிறார்கள், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனுஷன் என்று, எனக்குச் செய்தது என்னவாம், இனி நான் எப்படிக் கண்ணை மூடுவேன் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தீங்களா...

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த பெண், கழுத்தில் ஜவுளிக்கடை அட்டை, லின்சி என்று பெயர், "ஜங்ஷன் வந்தா எழுப்பிவிடுங்கக்கா, காலையிலேர்ந்து நின்னு நின்னு கால் செத்துப்போச்சு" என்றவள் காந்தி மார்க்கெட் வருவதற்குள் ஜோதியின் தோளில் சாய்ந்துவிட்டாள். மூட்டைகளை இறக்கும் கூச்சல், லாரி ஹாரன், எதற்கும் அசையவில்லை. பாலக்கரை வந்தது. இங்கே இறங்க வேண்டியவள் ஜோதிதான், அந்தப் பெண்ணின் தலையை மெல்ல நகர்த்தி முன்சீட்டுக் கம்பியில் சாய்த்துவிட்டு எழுந்தால் போதும். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "நீங்க பாலக்கரைதானேம்மா?" "இல்லீங்க, ஜங்ஷன்லயே இறங்கிக்கிறேன்." ஏன் அப்படிச் சொன்னேன், டியூட்டிக்கு நேரமாகிறதே, பாவம், பிள்ளை தூங்குகிறாள் என்றா... இல்லை, அது இல்லை, பொய் சொல்லாதே ஜோதி, மூன்று மாதமாக இந்தத் தோளில் ஒரு தலை சாயவில்லை, மூச்சின் சூடு கழுத்தில் படவில்லை, எழுப்ப மனசு வராதது இவளுக்காக இல்லை. அப்படியென்றால் அவர்... அன்றைக்குக் கூடத்து நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துதானே இருந்தார், எவ்வளவு நேரம் பார்த்தார், வலியோடா, எனக்காகத்தான் எழுப்பவில்லையா, இல்லை, தனக்காகவா... தூரத்தில் ஜங்ஷன் விளக்குகள் தெரிந்தன, சிலர் எழுந்து படியை நோக்கி நகர்ந்தார்கள், எழுப்பச் சொல்லித்தான் தூங்கினாள், எழுப்ப வேண்டும், எழுப்பத்தான் வேண்டும், ஜோதி தன் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.