தொப்பிக்குள் இருந்த சீட்டு

பெண்களுக்கு ஓட்டு கிடையாது. அதனால் நான் வெளியே வண்டியில் உட்கார்ந்து, திறந்திருந்த கதவு வழியாக என் வீட்டுக்காரர் ஏனோக்கின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் அடித்துக்கொள்ளும் போரின் நாலாம் வருஷம்; தென்பக்கம் நிற்கும் எங்கள் வட கரோலினாவுக்குக் கவர்னர் தேர்தல். சமாதானம் பேசுவேன் என்றவருக்கு மஞ்சள் சீட்டு, போர் நடக்கட்டும் என்றவருக்கு வெள்ளை. யார் எதைப் போட்டார் என்று தெருநாய்க்குக்கூடத் தெரிந்துவிடும்.

எங்கள் மூத்தவன் சைலஸ் பீட்டர்ஸ்பர்க் பதுங்குகுழியில் கிடக்கிறான். படையில் ஒரு வாரம் முன்பே ஓட்டு முடிந்துவிட்டது. நேற்று வந்த கடிதத்தை ஏனோக்தான் படித்துக் காட்டினார். எனக்கு எழுத்து தெரியாது. "நான் மஞ்சள்தான் போட்டேன். அதுக்காகக் கூட இருக்கிறவங்க அடிச்சதுல ரெண்டு பல்லு போச்சு. அப்பாவும் அதையே போடணும். போட்டாச்சான்னு உடனே எழுதுங்க." தாளின் இரண்டு பக்கமும் நிரம்ப எழுதியிருந்தான், பாவி மகன்.

மஞ்சள் சீட்டைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டுதான் ஏனோக் போனார். பெட்டிக்குப் பக்கத்தில் படைக்கு ஆள்பிடிக்கும் கேப்டன் மேப்ரி கால்மேல் கால் போட்டிருந்தான்.

"வாங்க ஆலைக்காரரே! அம்பது வயசு இன்னும் ஆகலையில்ல? அதுவரைக்கும் படைக்கு எடுக்கலாம். மாவு அரைக்கிறீங்கன்னு விட்டு வச்சிருக்கோம், ஞாபகம் இருக்கட்டும்."

வரிசையே சிரித்தது. ஏனோக் தொப்பியைக் கழற்றினார். நெற்றியைத் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு, மேசையிலிருந்த வெள்ளைச் சீட்டை எடுத்துப் பெட்டியில் போட்டார்.

வழியெல்லாம் திட்டித் தீர்த்தேன். "பெத்த புள்ள பல்லைக் குடுத்திருக்கான். உங்களுக்குக் கை வரலையே!"

"என்னையும் புடிச்சிட்டுப் போயிட்டா ஆலையை யாருடி ஓட்டுவா? நீயும் சின்னவளும் மண்ணையா திம்பீங்க?"

அவர் சொன்னதும் நியாயம்தான். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: "மஞ்சளைப் போட்டாச்சுன்னே எழுதுங்க. அவன் நம்பிக்கிட்டாவது கெடக்கட்டும்."

எழுதத் தாள் வேண்டுமே. இந்தப் போர் வந்ததிலிருந்து கடையில் தாளைக் கண்ணால் பார்த்தவர் யார்? சுவரில் ஒட்டியிருந்த பூத்தாளைப் போன மாதக் கடிதத்துக்கே உரித்தாகிவிட்டது. பஞ்சாங்கத்தின் ஓரங்களும் தீர்ந்துவிட்டன. பெட்டி, அலமாரி, வேதப் புத்தகத்தின் முன்னும் பின்னும், எல்லாம் துழாவினார்.

கடைசியில் தொப்பியைக் கழற்றி, மஞ்சள் சீட்டை உருவி, மேசைமேல் குப்புற வைத்தார். அதன் முதுகு வெறுமையாக இருந்தது; ஆனால் இது பெட்டியில் போடாத சீட்டு என்று சைலஸ் பார்த்ததுமே கண்டுகொள்வான்.

"வேற எதுவுமே இல்லையா?" என்றார்.

"இல்லை."

இறகுப் பேனாவைக் காட்டுப்பழ மையில் நனைத்துப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஒரு சொட்டு நுனியில் திரண்டு, மஞ்சளில் விழுந்து பரவியது.