தம்ளரில் ஆடிய கட்டடம்

அடுக்குமாடி இடிந்து விழப்போகிறது என்பது அங்கே குடியிருந்தவர்களில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது. அவளும் பிரசவ விடுப்பில் இருந்தாள்.

விரிசல் விட்ட கட்டடங்களைப் பார்த்து, இதில் மனிதர் இருக்கலாமா கூடாதா என்று சொல்வதுதான் அவள் உத்தியோகம். பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் சொந்த வீடே அதிர ஆரம்பித்தது. உட்கார்ந்தால் தரை நடுங்கியது. படுத்தால் அந்த நடுக்கம் கட்டில் வழியாக ஏறி, நெஞ்சுக்குள் திமுதிமுவென்று ஓடியது. மற்றவர்கள் போர்வை தேடும்போது அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. மேல்வீட்டுக்காரரிடம் போய் வாஷிங் மெஷினை நிறுத்தச் சொன்னாள். அது ரிப்பேராகி ஒரு மாதமாகிறது என்றார் அவர்.

சுவரில் முடியளவு விரிசல் ஒன்றைக் கண்டுபிடித்து, குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டினாள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். தொழிலில் அதுதான் சோதனை. உடையவில்லை. தினமும் உடையாமலே இருந்தது அவளுக்கு இன்னும் கிலியைக் கிளப்பியது. தொட்டிலைக் குளியலறைக்குள் மாற்றினாள். சின்ன அறையின் கூரை கடைசியில்தான் விழுமாம்.

மாமியாருக்கு இதெல்லாம் சுறுசுறுப்பாகத் தெரிந்தது. "எங்க மருமக பம்பரம். பிள்ளை பெத்தவ மாதிரியா இருக்கா? ஒடிசலா ஆயிட்டா" என்று போனில் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று காலை மருமகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பையோடு வாசலில் நின்றாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"கீழ மைதானத்துக்கு அத்தை. தலைக்கு மேல எதுவும் இல்லாத இடத்துக்கு."

"வானம் இருக்குமே" என்றான் கணவன். அவள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பும் பாதியில் போக வழி தெரியாமல் நின்றது.

"பிள்ளை மேல கூரை விழுந்தப்புறம்தான் நம்புவீங்களா?" மேசையிலிருந்த தம்ளரை ஒரு கையால் எடுத்து நீட்டினாள். "பாருங்க. தண்ணி ஆடுது."

ஆடத்தான் செய்தது, வட்டம் வட்டமாக.

மாமியாருக்குப் பார்வை மட்டு. "குடு" என்று வாங்கிக் கண்ணருகே பிடித்தாள். "எங்கம்மா ஆடுது?"

தண்ணீர் அசையாமல் நின்றது. மருமகள் திரும்ப வாங்கினாள், ஆடியது. கணவன் கையில் கொடுத்தாள், நின்றது. மேசையில் வைத்தாள், நின்றது. மறுபடி எடுத்தாள், ஆடியது.

சோதனை முடிவோடு வாதாடாதே என்று ஆபீசில் மற்றவர்களை அதட்டுகிறவள் அவள். நடுங்குவது கட்டடமில்லை. கட்டடமாக இருந்திருந்தால் வெளியே ஓடியிருக்கலாம்.

"பிள்ளையைப் பிடிங்க" என்றாள் கணவனிடம். "சீக்கிரம். என் கையில இருக்க வேண்டாம்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைக் கை நீட்டச் சொல்லி, விரல்கள்மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காற்றில்லாத அறையில் அது படபடத்தது. பிறகு அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"எளைச்சீங்களா?"

"இளைச்சதை நான்தான் ஊரெல்லாம் சொன்னேன் டாக்டர்" என்றாள் மாமியார், மெதுவாக.

"தைராய்டா இருக்கும். ரத்தம் பார்த்துடலாம். பிரசவத்துக்கு அப்புறம் சிலருக்கு இந்தச் சுரப்பி புண்பட்டு, சேர்த்து வெச்ச ஹார்மோனையெல்லாம் ரத்தத்துல கொட்டிடும். நெஞ்சு ஓடும், கை நடுங்கும். உடம்பு பயந்தா மனசு சும்மா இருக்குமா? அதுக்கொரு காரணத்தைக் கட்டி எழுப்பிடும்."

"அப்போ எனக்குப் பைத்தியம் இல்லையா?"

"இல்ல. மனசு படாத பாடு படுது, அதையும் சேர்த்தே பார்ப்போம்."

ரத்தமும் தைராய்டு என்றே சொன்னது. படபடப்புக்கு மாத்திரை எழுதிவிட்டு டாக்டர் சொன்னார்: "இது அடங்கினதும் எதிர்ப்பக்கம் சாயலாம். எழுந்திருக்கவே முடியாது, குளிரும், அழுகையா வரும். அப்போ வீட்டுல சோம்பேறின்னுவாங்க. அதைக் கேட்டுட்டு உட்கார்ந்திருக்காம வந்துடுங்க." சொல்லும்போது மாமியாரைப் பார்த்தார். மாமியார் காலண்டரைப் பார்த்தாள்.

அதிலிருந்து தினம் காலையில் மாமியார் தம்ளரோடு வந்து நிற்கிறாள். "பிடிம்மா, பார்க்கலாம்." மூன்று தலைகள் குனிகின்றன. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி வருகிறது. மற்ற இருவருக்கும் நிம்மதி. அவளுக்கோ, அது முழுசாக அடங்கப்போகும் நாளை நினைத்தால்தான் பயம்; டாக்டர் சொன்ன எதிர்ப்பக்கம் அன்றுதான் தொடங்கும்.

"அத்தை, தண்ணி நின்னுடுச்சுன்னா தம்ளரைப் பார்க்கறதை விட்டுட்டு என் முகத்தைப் பாருங்க."

மாமியார் தன் மூக்குக்கண்ணாடியைத் தேடப் போனாள்.