நாலு ஃப்ரிட்ஜ், ஆறு ஃப்ரிட்ஜ்

விளக்கு எரிந்ததும் நஜாத் குலவையிட்டாள். பன்னிரண்டு வருஷம் அட்டைப்பெட்டிக்குள்ளேயே நின்ற ஃப்ரிட்ஜ் அது. கதவைத் திறந்ததும் உள்ளே மஞ்சள் வெளிச்சம் பரவி, காலித் தட்டுகள் பளிச்சென்று தெரிந்தன. மகள் ரீஹாம் ஒரு தண்ணீர் பாட்டிலை உள்ளே வைத்துச் சாத்தினாள். மூன்று மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால், பாட்டில் வைத்தபடியே வெதுவெதுப்பாக இருந்தது. ரீஹாமின் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்.

எகிப்தின் தாந்தா ஊரில் பெண் பெற்ற எந்த வீட்டிலும் கட்டிலுக்கடியில் கை நுழைக்க இடமிருக்காது. பீங்கான் செட், துண்டுகள், போர்வைகள், அடுக்குப் பாத்திரம் என்று விலை ஏறுவதற்குள் ஒவ்வொன்றாக வாங்கித் திணித்துவிடுவார்கள். நஜாத் ஒரு படி மேலே போய், ரீஹாமுக்குப் பன்னிரண்டு வயதிலேயே ஃப்ரிட்ஜ் வாங்கிவிட்டாள். பெட்டியின் மேல் பின்னல் விரிப்புப் போட்டு, அதன்மேல் டெலிவிஷனை வைத்தாள். ஒருநாளாவது பிரித்து ஓட்டிப் பார்ப்போம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பிரித்த பெட்டி மணப்பெண்ணோடு போனால் பழைய சாமான் என்று பேச்சு வரும். மாப்பிள்ளை வாயெலின் அம்மா, உம்மு வாயெல்தான், "பெட்டி ரொம்ப மங்கலா இருக்கே, ஒரு தடவை போட்டுப் பார்த்துடுங்களேன்" என்று சர்க்கரைப் பாகு சொட்டச் சொட்டச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அந்தச் சொட்டில் இருந்த ஊசி நஜாத்துக்குத் தெரியாமல் இல்லை.

மறுநாள் காலை மெக்கானிக் பயூமி வந்து, பின்பக்கம் மண்டியிட்டுத் தட்டினான், முகர்ந்தான்.

"உம்மு ரீஹாம், இது புதுசுதான். ஆனா செத்த புதுசு. மோட்டார் இறுகிப்போச்சு, கேஸ் எப்பவோ பறந்துடுச்சு. ஓடவேண்டிய சாமானை இத்தனை வருஷம் நிக்க வெச்சா வேற என்ன ஆகும்?"

"சரி பண்ணிடேன், பயூமி."

"உங்க வீட்டுக்குன்னா பண்றேன். கல்யாணப் பொண்ணோட அனுப்பறதுக்குன்னா நான் கை வைக்க மாட்டேன்."

பெண் கொண்டுபோகும் சாமான் பட்டியலில் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அதில் மூன்றாவது வரி, பதினாறு கன அடி ஃப்ரிட்ஜ். கடைத்தெருவில் விசாரித்தாள். அதே அளவு இன்றைக்கு முப்பத்தோராயிரம் பவுண்டு. அவளிடம் இருந்தது ஒரே ஒரு வங்கிப் பத்திரம், பன்னிரண்டாயிரத்துக்கு. சீட்டுப் பணத்தை ரீஹாமின் படுக்கையறைச் சாமான்கள் முழுங்கிவிட்டிருந்தன. நடந்தே வீடு திரும்பினாள். வழியெல்லாம் உம்மு வாயெலின் முகம்தான் கண்ணில் நின்றது.

பத்திரத்தின் கதை தனிக் கதை. பத்தொன்பது வருஷத்துக்கு முன் மாமனாரின் துண்டு நிலம் விற்று இருபத்துநாலாயிரம் கைக்கு வந்தபோது, புருஷன் ஷஹாத்தாவும் அவளும் சமையலறையில் நின்று ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அவள் தன் பாதியை வங்கியில் போட்டாள். அவர், மின்வாரியத்தில் வீடுவீடாகப் போய் மீட்டர் பார்த்த மனுஷன், கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் ஓடுகிறார்களே என்று ஒரு மாவு ஆலையின் பங்குகளை வாங்கினார். மூன்றே வருஷத்தில் அது பாதிக்கும் கீழே போனது. கூட ஓடியவர்கள் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். நஜாத் நாற்பது நாள் அவரோடு பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகு, பேசாமலே இருந்திருக்கலாம் என்று அவர் நினைக்கும்படி பேசினாள். கத்தரிக்காய் கருகினால்கூட, "பங்குச் சந்தையில கருகினதைவிட இது கம்மிதான்" என்பாள். இந்த ஃப்ரிட்ஜை வாங்கியதுகூட ஒருவகையில் அவருக்குச் சொன்ன பதில்தான். பணம் என்றால் கண்ணெதிரே நிற்க வேண்டும், துடைத்தால் பளபளக்க வேண்டும்.

அன்று மத்தியானம் பலகணியில் மொலோகியா கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் ஷஹாத்தா ஒரு உறையைக் கொண்டுவந்து நீட்டினார். நீட்டிய கையை உடனே பின்னுக்கும் இழுத்தார்.

"திட்டாம கேக்கிறதா இருந்தா சொல்றேன்."

"அப்ப திட்டுற விஷயம்தான். சொல்லுங்க, அபூ ரீஹாம்."

"அந்தப் பங்கை நான் விக்கவேயில்ல, நஜாத்."

அவள் கை கீரையிலேயே நின்றது. உறைக்குள் இருந்த பங்குக் கணக்குத் தாளை நீட்டிக்கொண்டே அவர் கடகடவென்று சொன்னார். வருஷாவருஷம் ஆலை கொடுத்த லாபத்துக்கு அதே பங்கையே வாங்கிப் போட்டிருக்கிறார். அந்த ஜனவரிப் புரட்சிக்குப் பிறகு பங்குச் சந்தையையே இரண்டு மாதம் பூட்டிவைத்தபோது, ராத்தூக்கம் இல்லாமல் புரண்டதை வயிற்றுவலி என்று அவளிடம் சொன்னாராம். அதிலிருந்து ரமலானுக்கு முன் வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான் விலையைப் பார்ப்பது.

"இப்ப எவ்வளவு?"

"ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம்."

"இத்தனை வருஷம் என்கிட்ட ஏன் சொல்லலை?"

"இறங்கினப்ப சொன்னா திட்டுவே. ஏறினப்ப சொன்னா விக்கச் சொல்வே."

இரண்டும் உண்மை. அதனாலேயே அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் கேலியை எல்லாம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, தன்னை நம்பி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நெஞ்சு வலித்தது. ஷஹாத்தாவோ, சொல்லி முடித்த நிம்மதியில் மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

"பன்னெண்டாயிரம், பதினஞ்சு மடங்கு! சும்மாவா?"

"மடங்காம் மடங்கு. பவுண்டுல எண்ணாதீங்க. பவுண்டு என்ன, அப்ப இருந்த பவுண்டா? ஃப்ரிட்ஜில எண்ணுங்க."

"என்னது?"

"பணம் போட்ட வருஷம் ஃப்ரிட்ஜ் மூவாயிரம். உங்க காசு அப்ப நாலு ஃப்ரிட்ஜ். இன்னிக்கு எத்தனை?"

அவர் விரலை மடக்கினார். உதடு அசைந்தது. மார்பு கொஞ்சம் இறங்கியது.

"ஆறு."

"ஆறுதான். பத்தொன்பது வருஷம் வயித்துவலி பட்டு, நாலு ஆறாச்சு."

அவர் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. ஆனால் கணக்கு அவரோடு நிற்கவில்லை, அவள் பக்கமும் திரும்பியது. தன்னுடைய பத்திரமும் அன்றைக்கு நாலு ஃப்ரிட்ஜ். ஒரு பவுண்டு குறையாமல் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட அந்தப் பன்னிரண்டாயிரத்துக்கு இன்றைக்கு அரை ஃப்ரிட்ஜ்கூட வராது. கண்ணெதிரே நின்று பளபளத்ததோ ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று. கீரைக்காம்பை ஒடித்தபடியே, யாரிடமும் எளிதில் சொல்லாததைச் சொன்னாள்.

"என்னோட நாலு கரைஞ்சே போச்சு. எண் மாறலைன்னு நிம்மதியா இருந்துட்டேன்."

"கரைஞ்சுதான் ரீஹாம் படிச்சா," என்றார் ஷஹாத்தா. "மாசாமாசம் அந்த வட்டிலதானே டியூஷன் கட்டினே? என் பங்கு அவளுக்கு ஒரு பென்சில்கூட வாங்கித் தரலை."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். நாற்பது நாள் பேசாமல் இருந்த காலத்தில் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பத்தாவது நாளே பேசியிருப்பாள்.

"நாளைக்கே எல்லாத்தையும் வித்துடறேன். ஃப்ரிட்ஜ் போக மீதியை உன் கையில தந்துடறேன்," என்றார் அவர்.

"வேண்டாம். முதல்ல என் பத்திரத்தை உடைங்க. அதுக்கு மேல எவ்வளவு வேணுமோ அவ்வளவு மட்டும் வித்தா போதும். மீதி அஞ்சும் சொச்சமும் அங்கேயே நிக்கட்டும்."

"மறுபடியும் பாதியாப் போனா?"

"போகும். அப்ப ரெண்டு பேருக்கும் வயித்துவலி. ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கறப்ப நானும் பக்கத்துல இருப்பேன். என்கிட்ட மறைச்சீங்க, பயூமிகிட்ட சொல்லி உங்க மோட்டாரைக் கழட்டிடுவேன்."

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு சாமான்கள் கிளம்பின. மூன்று டிரக், ஓயாத ஹாரன், மத்தளம். முன் டிரக்கில் புது ஃப்ரிட்ஜ் கயிற்றுக் கட்டோடு நின்றது. உம்மு வாயெல் வாசலில் நின்று பார்ப்பாள் என்று நினைத்தபோதே நஜாத்துக்குத் தொண்டை திறந்துகொண்டது. தெரு முழுக்கக் கேட்கும்படி குலவையிட்டாள்.

சத்தம் தெருமுனை தாண்டியதும் மாடியேறினாள். கட்டிலுக்கடியில் எல்லாம் காலியாகி, வீடு அகலமாகத் தெரிந்தது. பழைய ஃப்ரிட்ஜ் மூலையில் அப்படியே நின்றது. பயூமி அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தான். ஷஹாத்தாவின் உறையைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தாள். குளிர் இல்லை, விளக்கு எரிந்தது. உறையை நடுத்தட்டில் நிற்க வைத்தாள். ஷஹாத்தாவும் பக்கத்தில் வந்து நின்றார். கதவைச் சாத்தாமல் இருவரும் கொஞ்ச நேரம் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.