களுதாவளையில் பார்த்த வீடு

சுனாமி அலை வந்தபோது எங்கள் வீடு போனது. யுத்தம் முடிந்த அடுத்த வருடம் அக்காவுக்குச் சம்பந்தம் பேசினார்கள். பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் கல்யாணம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் களுதாவளையில் ஒரு வீடு பார்க்கப் போனோம்.

வீட்டை விற்கும் சுலோஜனா மாமி வேலிப் படலையைத் திறந்துவிட்டு வெளியிலேயே நின்றார். அவருடைய ஒரே மகள் கடைசிச் சண்டையோடு காணாமல் போய்விட்டாள். மாமி இப்போது தன் தம்பியின் வீட்டில் இருக்கிறார்.

அப்பா சுவரைத் தட்டிப் பார்த்தார், கூரை மரத்தில் கறையான் தேடினார். அம்மா கிணற்றுத் தண்ணீரை அள்ளி அள்ளிக் குடித்தாள்.

"உப்பில்ல, நல்ல தண்ணி."

"எல்லாத்தையும் குடிச்சிராத, மருமகனுக்கும் கொஞ்சம் விடு," என்றார் அப்பா. அக்கா வெட்கப்பட்டுச் சிரித்தாள். உள்ளே பார்த்து விலை பேசுவதுதான் மிச்சம்.

அம்மா வாசலில் செருப்பைக் கழற்றினாள். யார் வீட்டுக்குப் போனாலும் கூப்பிடுகிற பழக்கத்தில், ஆளில்லாத வீடென்பதை மறந்து, "புள்ள, ஆரு உள்ள?" என்று குரல் கொடுத்தாள்.

"ஓம், வாறன்," என்றது உள்ளிருந்து ஒரு பெண்குரல்.

நாங்கள் வாசலையே பார்த்தோம். ஒருவரும் வெளியே வரவில்லை. மாமி ஓடிவந்து அம்மாவின் கைகளைப் பிடித்தார்.

"உங்களுக்கும் கேட்டிச்சா, கா? எனக்கு விசர் புடிச்சிட்டு எண்டு சொல்லித்தானே தம்பி வீட்ட விக்கச் சொன்னவன்!"

அம்மாவால் பொய் சொல்ல முடியவில்லை. "கேட்டிச்சு, கா."

மாமி எங்களைத் தாண்டி உள்ளே போனார். "இனி விக்கமாட்டன். என்ர புள்ள இருக்கிற வீடு."

விலை பேசாமலே திரும்பினோம். அக்காதான் படலையைச் சாத்திவிட்டுக் கடைசியாக வந்தாள்.