ஐந்து கிலோவுக்குள்

பார்சல் ஆபீசில் அவளுக்குப் பெயர் தராசு. இருபத்திரண்டு வருடமாக மூட்டை தூக்கிய கை. தூக்கிப் பார்த்து அவள் எடை சொன்னால் சொன்னதுதான். மெஷின் வேறு காட்டினால் மெஷினைத்தான் ரிப்பேருக்கு அனுப்புவார்கள்.

அதனால்தான் பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவன் தன் முதுகுப்பையை அவளிடம் நீட்டினான். இதய ஆபரேஷன் முடிந்து ஒன்பது மாதம். படுக்கையில் கிடந்தபோது வேண்டிக்கொண்ட பத்தொன்பது நாள் பாதயாத்திரை பாக்கி இருந்தது. தாராளமாக நடக்கலாம், முதுகில் ஐந்து கிலோவைத் தாண்டக் கூடாது என்றார் டாக்டர்.

"ஏழு," என்றாள் தராசு.

கம்பளியைத் தள்ளிவிட்டு மெல்லிய போர்வை வாங்கினான். பெரிய துண்டு போய், சீக்கிரம் காயும் சின்னத் துணி வந்தது.

"ஆறரை."

"அடிப்பாவி! அவ்வளவும் எடுத்தேனே?"

"என் கை பொய் சொல்லாது."

ஸ்டீல் பாட்டில், டார்ச், இரண்டாவது செருப்பு எல்லாம் வெளியே போயின. ஆத்திரத்தில் பல் பிரஷின் காம்பைப் பாதியாக அறுத்தான்.

காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் பையை ஒற்றை விரலில் மாட்டிப் பார்த்தாள். "ஆறு."

ஒற்றை விரலில் ஆறு கிலோவா? அவன் உள்ளே போய், எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, ஒரு தலையணையை மட்டும் திணித்து எடுத்து வந்தான்.

"இப்ப?"

"ஆறே கால்."

"உள்ள தலையணைதான் இருக்கு."

கத்தி நின்றது. அவள் நிமிரவில்லை.

"நெஞ்சு வலிச்ச அன்னைக்கு மூணு மாடி உங்களைத் தூக்கிட்டு இறங்கினது யாரு? எழுபத்தெட்டு கிலோ. நடுரோட்டுல விழுந்தீங்கன்னா அங்க எவன் தூக்குவான்?"

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். தலையணையை உருவி மடியில் வைத்துக்கொண்டான்.

"அப்ப நீயும் வாயேன்."

"லீவு உங்க அப்பாவா குடுப்பாரு?" என்றாள். ஆனால் கையைக் கழுவிவிட்டு வந்து, அவன் கொட்டியதையெல்லாம் தானே அடுக்கினாள். மருந்து டப்பா மேலே, போர்வை அடியில். தூக்கினாள்.

"நாலு நானூறு. இது நெஜம்."

மறுநாள் சாயங்காலம் தனக்கும் ஒரு பையோடு வந்தாள், லீவு வாங்கிக்கொண்டு. அவன் அதைத் தூக்கிப் பார்த்து, "மூணு," என்றான்.

"அஞ்சு. ஸ்டீயரிங் பிடிக்கிற கைக்கு என்ன தெரியும்?"

பையைத் திறந்து ஒரு முழு பிரஷை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"அந்த அரைப் பிரஷைத் தூக்கிப் போடுங்க. பாக்கச் சகிக்கல."