ஷூ உள்ளே போகிறதா?

ஷூக்களைத் துணிப்பையில் சுற்றி அலமாரிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தபோது மகன் வந்துவிட்டான்.

“அம்மா, அப்பாவோட கறுப்பு ஷூ எங்க? ஒன்பது மணிக்கு வண்டி வந்துடும்.”

“வெறும் காலே போதும்டா.”

“என்னம்மா நீ? முப்பது வருஷம் பஸ் ஓட்டுன மனுஷன். ஷூ இல்லாம வாசப்படி தாண்டுனதில்ல.”

“போதும்னா விடேன்.”

அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போனான்.

கூடத்தில் அவர் படுத்திருந்தார். நேற்று மதியம், மடியில் செய்தித்தாளோடு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். போர்வையை இழுத்துப் பாதங்களை மூடிவிட்டது அவள்தான். அதன் பிறகு அந்தப் பக்கம் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மணி ஏழு. மேசை மேலிருந்த அவருடைய போன், அவள் குரலிலேயே கேட்டது: “என்னங்க, ஷூ உள்ள போகுதா?”

வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் போனை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவருக்கு இதயம் பலவீனம். உடம்பில் நீர் சேர்ந்து கால் வீங்கினால் ஆபத்து. முதல் நாளே தெரிந்துவிட்டால் ஒரு மாத்திரையைக் கூட்டிச் சமாளித்துவிடலாம். அதற்காக மருத்துவமனையில் முதலில் ஓர் எடைக் கருவி கொடுத்தார்கள். ஏறி நின்றால் எடை தானாக அங்கே போய்விடும். மனிதர் மூன்றாம் நாளே பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். நாலு கிலோ கூடிவிட்டதென்று கால் மணி நேரத்தில் வாசலில் ஆம்புலன்ஸ்!

மறுநாள் அதை வடிவமைத்த பெண் வந்தாள். பஸ்ஸில் ஏறும் டிக்கெட் செக்கர் மாதிரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றதால் அவர் அவளுக்கு ‘செக்கரம்மா’ என்று பெயர் வைத்துவிட்டார். திட்டப்போகிறாள் என்று பார்த்தால், அன்று முழுக்கச் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து இந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், உடம்பு சரியில்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஷூ சொல்லிடும்மா. அது இறுக்குனா மறுநாள் மூச்சு வாங்கும்.”

அடுத்த மாதம் போனில் எண்ணும் இல்லை, கோடும் இல்லை. தினமும் காலை ஏழு மணிக்கு ஒரே கேள்வி. பதிலுக்கு ‘சரி’, ‘இறுக்குது’ என்று இரண்டு பொத்தான்கள். “நீங்க கேட்டாத்தான் சார் பதில் சொல்வார்” என்று அம்மாவின் குரலையே பதிவு செய்துகொண்டு போனாள் அந்தப் பெண். ஒரு வருடம் தாங்கினால் பெரிது என்று மருத்துவர் கைவிரித்த மனிதர் நாலு வருடம் இருந்தார். பேத்தியை மடியில் உட்காரவைத்து, சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்து பஸ் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

முந்தாநாள்தான் தப்பு நடந்தது. போன் கத்துகிறது, அடுப்பில் பால் பொங்குகிறது, அவர் குளியலறையில். அவளே ‘சரி’யை அமுக்கிவிட்டாள். அன்றைக்கு முழுக்க அவர் செருப்போடு நடமாடியது, அவர் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

எட்டரைக்குச் செக்கரம்மா வந்தாள். அழுது மூக்கெல்லாம் சிவந்திருந்தது. அம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

“நான்தாம்மா அவர கொன்னுட்டேன்.”

நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெண் போனை வாங்கிப் பார்த்தாள்.

“முந்தாநாள் ஏழு மணிக்கு ‘சரி’ன்னு இருக்கு. ஏழே காலுக்கு சார் மாத்தியிருக்கார். பேசியும் அனுப்பியிருக்கார். கேக்கறீங்களா?”

அவள் தலையாட்டினாள். அவர் குரல் ரகசியம் பேசியது.

“செக்கரம்மா, எங்க வீட்டம்மா அவசரத்துல தப்பா அமுக்கிட்டா. ஷூ இறுக்குது. நர்ஸ கூப்பிடச் சொல்லுங்க, மாத்திரை கேட்டுக்கறேன். அவகிட்ட மூச்சு விடாதீங்க. பால் பொங்குனாலே பதறுற ஆளு.”

“நர்ஸ் உடனே பேசிட்டாங்கம்மா. நேத்துக் காலைல அவரே ‘சரி’ன்னு அமுக்கியிருக்கார். இது நீரால வந்ததில்லன்னு டாக்டரும் சொல்றார்.”

“திருட்டு மனுஷன்! எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாரா பாரு” என்றவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தப் பெண்ணின் இரு கைகளையும் முகத்தில் ஒற்றிக்கொண்டாள். “நாலு வருஷம்மா. நீ நல்லா இருக்கணும்.”

பிறகு அலமாரிக்குப் பின்னாலிருந்து பையை எடுத்து, போனோடு கூடத்துக்கு வந்தாள். தரையில் உட்கார்ந்து போர்வையை விலக்கினாள். இடது கால் ஷூ தடையில்லாமல் உள்ளே போனது. கயிற்றை இழுத்து முடிந்தாள்.

“அம்மா, வண்டி வந்துடுச்சு” என்றான் மகன்.

“இருடா. வலது காலையும் பாத்துட்டுத்தான் அமுக்கணும்.”

பதிலுக்குக் காத்திருந்த ஏழு மணிக் கேள்வியோடு போன் அவள் மடியில் இருந்தது.